கத்தினவர் கையில் மைக்

(வாசகர் கேள்வி - பதில்)

போன இதழில் யாரோ கேட்ட ஒரு கேள்விக்கு, "அம்பயரைத் திட்டியே பேர் வாங்கின அமெரிக்க டென்னிஸ்காரர் ஜான் மெக்கன்ரோ, ஆடின காலத்தைப்போல் இரண்டு மடங்கு காலம் வர்ணனைக்கு மைக் பிடித்துவிட்டார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜைமேல் ஒரு சாண் உயரம். ஆகவே இந்த இதழ் முழுக்க அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான். கிரிக்கெட் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் முறை வரும்.

சார், அம்பயரைப் பார்த்து அவ்வளவு கத்தின மனுஷனை எந்த தைரியத்தில் டிவிக்காரர்கள் நேரலையில் உட்கார வைத்தார்கள்?
- வங்கி ஊழியர் ஒருவர்

அந்தக் கத்தலை ஒரு தடவை உற்றுக் கேளுங்கள். 1981 விம்பிள்டன், முதல் சுற்று, எதிரே டாம் கல்லிக்சன். மெக்கன்ரோ போட்ட சர்வீஸை அவுட் என்றார்கள். "யூ கேனாட் பி சீரியஸ்!" என்று அவர் கத்தினது உலகத்துக்கே தெரியும். பின்னாளில் அவருடைய சுயசரிதைக்கே அது தலைப்பாகிவிட்டது. ஆனால் அதையொட்டி அவர் சொன்னதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பந்து கோட்டில் பட்டது, கோடு போட்ட சுண்ணாம்பு பறந்ததே என்கிறார். இது வசவா? பந்து எங்கே விழுந்தது, அதற்குச் சாட்சி என்ன என்று நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார். வர்ணனை என்பது இதுதான். என்ன, அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர் ஒரே ஒருத்தர், அவரும் உயரமான நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிவிக்காரர்கள் தைரியசாலிகள் என்பதைவிட விவரமானவர்கள் என்பதுதான் சரி. 1990 ஆஸ்திரேலிய ஓபனில் பெர்ன்ஃபோர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே இவரை வெளியேற்றிவிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1992 முடிவில், ஆட்டத்தை விட்டார். அப்புறம் யுஎஸ்ஏ நெட்வொர்க், என்பிசி, சிபிஎஸ், பிபிசி, ஈஎஸ்பிஎன் என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாத ஆள் பேசும்போது சேனலை மாற்ற யாருக்கு மனசு வரும்?

பீட் சாம்ப்ராஸ், ஸ்டெஃபி கிராஃப் இவர்களெல்லாம் ஏன் கமென்ட்ரி பக்கம் அவ்வளவாக வரவில்லை?
- டென்னிஸ் பார்க்கும் குடும்பத் தலைவி

ஆடின காலத்திலேயே அவர்களுக்குப் பதிலாக மட்டைதான் பேசியது.

ஏழு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் ஜெயித்தவர் மெக்கன்ரோ. அந்த வெற்றி அனுபவம்தானே அவர் வர்ணனைக்குப் பலம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர்

மரியாதையோடு மறுக்கிறேன், ஐயா. கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் விம்பிள்டன் மூன்று, அமெரிக்க ஓபன் நான்கு. கணக்கு சரி. ஆனால் மைக் முன்னால் அவருக்குச் சோறு போடுவது தோற்ற ஆட்டங்கள் என்பது என் கட்சி.

1984-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் 82 ஆட்டங்களில் ஜெயித்து மூன்றே மூன்றில் தோற்றார். அந்த மூன்றில் ஒன்று பாரீஸ், பிரெஞ்சு ஓபன் இறுதி. எதிரே இவான் லெண்டில், அதுவரை கிராண்ட்ஸ்லாம் ஒன்றுகூட ஜெயிக்காதவர். மெக்கன்ரோ முதல் இரண்டு செட்டை 6-3, 6-2 என்று ஊதித் தள்ளினார். கோப்பையைத் துடைத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஓரமாக இருந்த ஒரு டிவி கேமராமேன் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தார். அதிலிருந்து யாரோ பேசும் சத்தம் கீச்சுக்கீச்சென்று கோர்ட் வரைக்கும் கேட்டது. வேறு ஆளாக இருந்தால் பேசாமல் சர்வீஸ் போட்டிருப்பார். இவர் நேரே போய் அந்த ஹெட்போனை எடுத்து அதற்குள்ளேயே கத்திவிட்டு வந்தார். அத்தோடு மனசு கலைந்தது. கூட்டமும் லெண்டில் பக்கம் சாய்ந்தது. 6-4, 7-5, 7-5 என்று மூன்று செட் போனது. பிரெஞ்சு ஒற்றையர் பட்டம் கடைசிவரை கைக்கு வரவேயில்லை.

இனி நடந்ததைக் கதையாக எழுதினால் நம்ப மாட்டீர்கள். எந்த ஹெட்போனுக்குள் கத்தினாரோ, அதேபோல் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு அதே பாரீஸில் வருஷாவருஷம் உட்கார்ந்தார். அங்கே வர்ணனைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு நாளாவது அந்த ஆட்டத்தை நினைத்து வயிற்றைப் புரட்டும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

யாராவது இரண்டு செட் முன்னிலையில் இருந்துகொண்டு, பந்து பொறுக்கும் பையனை முறைத்தாலோ, மட்டையின் நரம்பை நோண்டினாலோ, மெக்கன்ரோவின் குரல் இறங்கும். "இவருக்கு இப்போது ஆட்டத்தில் மனசில்லை" என்பார். அப்போது ஸ்கோர்போர்டில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷம் கழித்துத் தெரியும். ஜெயித்தவனுக்கு ஏன் ஜெயித்தோம் என்று பாதி நேரம் தெரியாது. தோற்றவனைக் கேளுங்கள், எந்தப் பந்து, எந்த நிமிஷம் என்று தேதி போட்டுச் சொல்வான்.

வர்ணனையாளர் அறையில் என்னதான் நடக்கும்? நீங்கள் பார்த்ததுண்டா?
- பொறியியல் மாணவி

பார்த்தது மட்டுமா, உட்கார்ந்து மானம் போனவன் நான். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சேனலில், டென்னிஸுக்குத் தமிழில் பேச ஆள் இல்லை, பத்திரிகையில் எழுதுகிறீர்களே, வாருங்கள் என்றார்கள். போனேன். குளியலறை அளவு இடம், இரண்டு நாற்காலி, முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோர்ட். மேஜையில் ஒரு மானிட்டர். உட்கார்ந்ததுமே கூட இருந்த அனுபவசாலி சொன்னார்: "சார், கோர்ட்டைப் பார்த்துப் பேசாதீங்க. மானிட்டரைப் பார்த்துப் பேசுங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கு மானிட்டர்ல வர்றதுதான் தெரியும்." நான் கோர்ட்டின் மூலையில் ஒரு லைன்ஸ்மேன் கொட்டாவி விட்டதை ரசித்து ஒரு வாக்கியம் ஆரம்பித்திருந்தேன். அதை அப்படியே விழுங்கினேன்.

மைக்குப் பக்கத்தில் காஃப் பட்டன் என்று ஒன்று இருக்கும். இருமல் வந்தால் அழுத்த வேண்டும், மைக் அணைந்துவிடும். சில இடங்களில் கையை எடுத்ததும் மைக் தானாகத் திரும்ப வரும். எனக்கு வாய்த்தது அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் ரகம். இருமினேன், அழுத்தினேன், மறந்தேன். அதற்கப்புறம் ஒன்றரை கேம் வரைக்கும் என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த வர்ணனையைக் கொடுத்தேன். இடதுகைக்காரர் வெளியே இழுத்துப் போடும் சர்வீஸ் எதிராளியை ஏன் கோர்ட்டை விட்டே துரத்துகிறது என்று கோணத்தோடு விளக்கினேன். கடைசியில் காதில், வெளியே நின்ற ஒளிபரப்பு வண்டியான ஓ.பி. வேனிலிருந்து புரொட்யூசரின் குரல், ரொம்பப் பணிவாக: "சார், இருமி முடிச்சாச்சா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறையில் பொதுவாக இரண்டு பேர், பெரிய ஆட்டங்களில் மூன்று. ஒருவர் ஸ்கோர் சொல்லி, விளம்பரத்துக்கு வழிவிட்டு, கதையை நகர்த்துவார். அது தொழில்முறை அறிவிப்பாளர் வேலை. பழைய சாம்பியனின் வேலை "ஏன்" என்பதைச் சொல்வது. ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வீஸுக்கு இப்போது 25 வினாடி கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அதில் ரீப்ளே பாதியைத் தின்றுவிடும். மிச்சமிருக்கிற பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் நாலு வார்த்தை சொல்லி, பந்து மேலே எழும்புவதற்குள் வாயை மூட வேண்டும். இடம் மாறும் 90 வினாடி இடைவெளியில் சாவகாசமாகப் பேசலாமே என்றால், அங்கே விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவே காதில் புரொட்யூசர் "அடுத்து ஸ்லோமோஷன், இடது கால் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு காதில் ஒருவர் பேசப் பேச, வாயால் வேறொன்று பேசுவது சாதாரண வித்தை இல்லை. கல்யாண வீட்டில் பந்தி கவனிக்கிற சித்தப்பாக்களுக்கு மட்டும் பிறவியிலேயே வரும்.

அந்தக் காலத்தில் பிபிசியில் டான் மாஸ்கெல் என்று ஒரு பெரியவர் பேசாமலேயே வர்ணனை செய்வாராமே?
- வானொலி ரசிகர்

பேசுவார், அளந்து பேசுவார். 1991 வரை நாற்பது வருஷம் விம்பிள்டனின் தொலைக்காட்சிக் குரல் அவர்தான். அருமையான ஒரு ஷாட்டுக்கு "ஓ, ஐ ஸே!" என்பார். ஒரு முழு ராலியையும் அந்த மூன்று எழுத்துக்குள் மடித்துக் கொடுத்துவிடுவார். படம் தெரியும்போது எதற்கு வாய் என்பது அந்தக் காலத்துக் கட்சி. வானொலியில் இதற்கு நேர்மாறு, இரண்டு வினாடி சும்மா இருந்தால் கேட்பவர் பேட்டரி போய்விட்டதோ என்று தட்டிப் பார்ப்பார்.

மெக்கன்ரோ அமெரிக்கப் பள்ளி, நிறையப் பேசுவார். ஆனால் வாயடைத்த இடமும் உண்டு. 2008 விம்பிள்டன் இறுதி, நடாலிடம் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 7-9 என்று தோற்றார். நாலு மணி 48 நிமிஷம், கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. நாலாவது செட் டை-பிரேக்கில் (6-6 என்று சமமானால் செட்டை முடிக்க ஆடும் கேம்) தோல்வியின் விளிம்பிலிருந்து இரண்டு தடவை தப்பி, அதை 10-8 என்று ஜெயித்து, அப்புறமும் தோற்றவர் ஃபெடரர். ஆட்டம் முடிந்ததும் மைக்கோடு அவரிடம் போனவர் மெக்கன்ரோ. 1980-இல் அதே மைதானத்தில் ஸ்வீடன்காரர் பியோர்ன் போர்கிடம் நாலாவது செட் டை-பிரேக்கில் ஐந்து தடவை தப்பி, 18-16 என்று அதை ஜெயித்து, ஐந்தாவது செட்டில் தோற்ற அதே மெக்கன்ரோ! ஃபெடரருக்குக் குரல் உடைந்தது. கேள்வியை அத்தோடு நிறுத்திவிட்டு இவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேட்டி என்று பார்த்தால் தோல்வி. நான் பார்த்த பேட்டிகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

மேரி கரில்லோ என்று ஒரு வர்ணனையாளர். அவரும் மெக்கன்ரோவும் பக்கத்து வீடா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

ஒரே பேட்டை. நியூயார்க் குவீன்ஸில் டக்ளஸ்டன். சின்ன வயசில் ஒரே கிளப்பில் பந்தடித்தவர்கள், மேரி இரண்டு வயசு மூத்தவர். 1977-இல் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருந்த 18 வயசு ஜானும் மேரியும் பாரீஸில் கலப்பு இரட்டையர் பட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். அதே கோடையில்தான் ஜான் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டு விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். ஆக, பாரீஸ் மண்ணில் அவருக்குக் கிடைத்த ஒரே கிராண்ட்ஸ்லாம் கோப்பையில் பாதி மேரியுடையது.

மேரிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 1980-லேயே ஆட்டம் முடிந்தது, அதே வருஷம் மைக் பிடித்தார். அதாவது மெக்கன்ரோ போர்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே மேரி வர்ணனை பேச ஆரம்பித்துவிட்டார். ஒற்றையரில் பெரிய பட்டம் ஒன்றும் இல்லாமலே அமெரிக்காவின் முதல் வரிசை வர்ணனையாளர் ஆனவர். ரெண்டு பேரில் யார் பெட்டர் என்று கேட்டால் என் ஓட்டு மேரிக்கு. ஜான் தனக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்வார். மேரி எதிரே ஆடுகிற பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று சொல்வார்.

வர்ணனையிலும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளமா?
- கோபமான வாசகி

உங்கள் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பிபிசி 2017-இல் தன் பெரிய சம்பளக்காரர்கள் பட்டியலை வெளியிட வேண்டி வந்தது. மெக்கன்ரோ இருந்தது 1,50,000 முதல் 1,99,999 பவுண்டு வரையிலான பிரிவில். ஒன்பது தடவை விம்பிள்டன் ஒற்றையர் ஜெயித்த மார்ட்டினா நவ்ரத்திலோவா, அதே விம்பிள்டனுக்குத் தனக்குக் கிடைத்தது 15,000 பவுண்டு என்று அடுத்த வருஷம் வெளிப்படையாகச் சொன்னார். மெக்கன்ரோ முப்பது தடவை தோன்றுகிறார், இவர் பத்துத் தடவை, ஒப்பந்தமே வேறு என்று பிபிசி விளக்கம் கொடுத்தது.

முப்பதுக்கும் பத்துக்கும் மூன்று மடங்கு. சம்பளத்தில் குறைந்தது பத்து மடங்கு. என் மூன்றாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் பிபிசியை பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார்.

மெக்கன்ரோ தொட்டதெல்லாம் துலங்கியதா?
- சிறுதொழில் நடத்துபவர்

அதெல்லாம் இல்லை, சறுக்கலும் உண்டு. 2002-இல் 'தி சேர்' என்று ஒரு வினாடி வினா நிகழ்ச்சி. போட்டியாளரை ஒரு நாற்காலியில் கட்டிவைத்து, இதயத் துடிப்பை அளந்துகொண்டே கேள்வி கேட்பார்கள். படபடப்பு ஏறினால் பணம் குறையும். பதறாமல் இருப்பவனுக்குப் பரிசு கொடுக்கும் நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் யார் என்று பார்த்தால், நம்ம ஆள்! அது நீடிக்கவில்லை. 2004-இல் சிஎன்பிசியில் இவர் பெயரிலேயே ஓர் அரட்டை நிகழ்ச்சி. பார்வையாளர் அளவெடுப்பில் 0.0 வாங்கினது அது. ஐந்து மாதத்தில் மூடினார்கள். டென்னிஸில் 'லவ்' என்றால் பூஜ்யம், ஆனால் அதற்குப் புள்ளி வைத்த பூஜ்யம் வாங்கினவர் இவராகத்தான் இருக்கும்.

காரணம் எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அவருக்கு எதிரே ஒரு கோர்ட் வேண்டும். கோர்ட் இல்லாத இடத்தில் அவர் வெறும் பேச்சாளர், அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். பிபிசி வானொலியில் நேயர்கள் போன் போட்டு டென்னிஸ் பேசும் '6-லவ்-6' மட்டும் நன்றாகப் போனதற்குக் காரணமும் அதுதான். அங்கே வாதாட ஆள் இருந்தது, வாதாட பந்தும் இருந்தது.

நெட்ஃப்ளிக்ஸில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையை மெக்கன்ரோ குரலில் சொல்கிறார்களே, இதென்ன கூத்து?
- பிளஸ் டூ மாணவி

'நெவர் ஹேவ் ஐ எவர்'. 2020-இல் வந்தது, நாலு சீசன். தேவி விஸ்வகுமார் என்று அமெரிக்காவில் வளரும் தமிழ்க் குடும்பத்துப் பெண், பத்தாவதிலோ பதினொன்றிலோ படிக்கிற வயசு. அவள் மனசில் ஓடுவதை நமக்குச் சொல்வது அறுபது வயசு தாண்டின மெக்கன்ரோ. கேட்கும்போது கூத்தாகத்தான் இருக்கிறது. கதையில் காரணம் வைத்திருக்கிறார்கள். இறந்துபோன அவளுடைய அப்பாவுக்கு மெக்கன்ரோ என்றால் உயிர். அந்தப் பெண்ணுக்கும் மூக்குக்கு மேல் கோபம்.

எனக்கு அதில் பிடித்தது அவர் அவளை வர்ணிக்கும் விதம். அவள் ஒரு பையனிடம் அசட்டுத்தனமாக எதையோ உளறப் போகும்போது, தவறினால் தன் சர்வீஸ் கேமே போய்விடும் என்கிற பிரேக் பாயின்ட்டில் இரண்டாவது சர்வீஸ் போடுகிறவரைப் பற்றிச் சொல்கிற அதே தொனியில் சொல்கிறார். என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த மாமா டென்னிஸும் ஆடுவாராமே?" என்றாள்.

நேரலையில் அவர் வாய் தவறி மாட்டிக்கொண்டதே இல்லையா?
- தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர்

2021 விம்பிள்டன். 18 வயசு எம்மா ராடுகானு நாலாவது சுற்றில் மூச்சுவிடச் சிரமப்பட்டுப் பாதி ஆட்டத்தில் விலகினார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்ற அர்த்தத்தில் பிபிசியில் மெக்கன்ரோ சொன்னார். என்ன உடம்பு என்று தெரிவதற்கு முன்னாலேயே மனசைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டே மாதத்தில் அந்தப் பெண் நியூயார்க்கில் தகுதிச் சுற்றிலிருந்து பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்கூட விடாமல் அமெரிக்க ஓபனை ஜெயித்தார்.

2017-இல் இன்னொன்று. அது நேரலை ஆட்டமில்லை, வானொலிப் பேட்டி. ஆண்கள் வரிசையில் ஆடினால் செரீனா வில்லியம்ஸ் எழுநூறாவது இடம்போல் இருப்பார் என்றார். அந்த வருஷ ஆரம்பத்தில் வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்திரேலிய ஓபன் ஜெயித்திருந்தவர் செரீனா. என்னை உங்கள் பேச்சில் இழுக்காதீர்கள் என்று நறுக்கென்று பதில் கொடுத்தார். கேட்டு வாங்கிக்கொண்டது.

மேலே ஓர் ஆசிரியருக்கு அவருடைய பலத்தைச் சொன்னேன் அல்லவா? இதுவும் அதே குணம்தான். ஆடுகிறவர் மனசுக்குள் புகுந்து பார்க்கும் பழக்கம். கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு வீரருக்குப் பயிற்சி ஆலோசகராக இருந்துகொண்டே அதே போட்டியில் வர்ணனையும் செய்யலாமா?
- சட்டக் கல்லூரி மாணவர்

2016-ஐத்தானே கேட்கிறீர்கள்? அந்தப் புல்தரைப் பருவத்துக்குக் கனடாவின் மிலோஸ் ராவ்னிச் மெக்கன்ரோவை ஆலோசகராக வைத்துக்கொண்டார். மெக்கன்ரோ மைக்கையும் விடவில்லை. ராவ்னிச் அரையிறுதியில் ஃபெடரரை வேறு சாய்த்து இறுதிக்குப் போய்விட்டார், அங்கே ஆண்டி மர்ரியிடம் தோற்றார். டென்னிஸ் உலகம் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் சாப்பிட்டுப் பெண் வீட்டிலும் சாப்பிடலாம், ஆனால் தரகர் கமிஷன் ஒரு பக்கம்தான் வாங்க வேண்டும்.

நம்ம விஜய் அமிர்தராஜ் பெயரைச் சொல்லாமல் இந்தப் பகுதி முடிந்துவிடுமோ?
- தீவிர ரசிகர்

முடியுமா? 1984-இல் மெக்கன்ரோ மூன்றே ஆட்டங்களில் தோற்றார் என்றேனே, அதில் ஒன்று சின்சினாட்டியில் நம்ம விஜய்யிடம்! விஜய்க்கும் அந்தத் தோல்விப் படிப்பு உண்டு. 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸை இரண்டு செட் முன்னிலையில் வைத்திருந்து, ஐந்து செட்டில் விட்டார்.

பின்னாளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் ஆலன் வில்கின்ஸோடு உட்கார்ந்து அவர் பேசிய விம்பிள்டன் மாலைகளில் வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. மெக்கன்ரோவின் வர்ணனை பக்கத்துச் சீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சொல்வதுபோல் இருக்கும். விஜய்யுடையது வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஆல்பம் காட்டுவதுபோல். அவசரமே படமாட்டார். யாரையும் புண்படுத்த மாட்டார், அதனாலேயே சில சமயம் மோசமான ஆட்டத்தையும் மோசம் என்று சொல்லாமல் விட்டுவிடுவார். அது ஒரு குறைதான். 2024-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில், டென்னிஸில் பேர் வாங்கினவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் லியாண்டர் பயஸை ஆட்டக்காரராகவும், விஜய்யை டென்னிஸுக்குப் பங்களித்தவராகவும் சேர்த்தார்கள். அந்தப் பங்களிப்பில் மைக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள், வயதான காலத்தில் ஏன் இப்படி ஊர் ஊராகப் போய் மைக் பிடிக்கிறார்கள்?
- தபால் துறை

டென்னிஸ் வருஷத்துக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஜனவரி என்றால் மெல்போர்ன், மே கடைசி என்றால் பாரீஸ், ஜூன் கடைசியில் விம்பிள்டன், ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க். பதினெட்டு வயசிலிருந்து இந்தப் பஞ்சாங்கப்படி பெட்டி கட்டினவனுக்கு, 34-ஆவது வயசில் திடீரென்று ஜூன் மாதம் வெறுமையாக இருந்தால் கை காலெல்லாம் பரபரக்கும். ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்க முடியாத பெரியவர் வடத்தைத் தொட்டுக் கும்பிட வருவதில்லையா? ஆந்த்ரே அகாசியைப் பாருங்கள். இத்தனை வருஷம் ஒதுங்கி இருந்துவிட்டு 2025-இல் பாரீஸுக்கு வந்து டிஎன்டி சேனலுக்காக மைக் பிடித்தார்.

மெக்கன்ரோவுக்கு இதில் கூடுதல் ருசி. 1981-இல் விம்பிள்டன் ஜெயித்தபோது, சாம்பியனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கௌரவ உறுப்பினர் அட்டையை உடனே கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். இவரும் சாம்பியன் விருந்துக்குப் போகவில்லை. அதே வளாகத்துக்குள் இன்றைக்குக் கழுத்தில் ஒளிபரப்பு அட்டை தொங்க வருஷாவருஷம் நுழைகிறார்.

இப்போது விம்பிள்டனில் லைன் ஜட்ஜே கிடையாதாமே? மெக்கன்ரோ இன்று ஆடினால் யாரோடு சண்டை போடுவார்?
- குறும்புக்கார வாசகர்

2025-லிருந்து கிடையாது. கோடு ஓரமாகக் குனிந்து நின்ற அத்தனை பேரும் போய், கேமராக்களும் பதிவு செய்த ஒரு குரலும் வந்துவிட்டன. சண்டைக்கு ஆள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முதல் வருஷமே, சென்டர் கோர்ட்டில் பாவ்லுசென்கோவா - சோனே கார்ட்டல் ஆட்டம். முதல் செட் 4-4, கேம் பாயின்ட் பாவ்லுசென்கோவாவுக்கு. கார்ட்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டித் தெள்ளத்தெளிவாக வெளியே விழுந்தது. மெஷின் கம்மென்று இருந்தது. கோர்ட்டின் அந்தப் பகுதிக்கான இயந்திரத்தை யாரோ தவறுதலாக அணைத்துவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. பாயின்ட்டை மறுபடி ஆடச் சொன்னார்கள். பாவ்லுசென்கோவா அந்த கேமை இழந்து, ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தார்.

யாரோ பட்டனை அழுத்திவிட்டு மறந்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆள்மேல் கோபமே வரவில்லை.